ரங்கூன்காரர் கண்ணில் ஒரு முறம்

அத்தியாயம் ஏழு

நன்னிலம் கடைத்தெருவில் காலை ஒன்பதரை மணிக்கு, வாட்ச் ரிப்பேர்க் கடைக்காரர் தன் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸைக் காணவில்லை என்று கடையைப் புரட்டிப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அது அப்போது நாலு கடை தள்ளி, டீக்கடை பெஞ்சில், துப்பறியும் நிபுணர் குஞ்சிதபாதத்தின் வலது கண்ணில் இருந்தது. ஒரு பொருளைக் கேட்டு வாங்கினால் துப்பறிகிறவனுக்கு மரியாதை இல்லை என்பது அவருடைய கொள்கை. எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பின்னால் போய் மன்னிப்புக் கேட்பது உதவியாளன் செல்லதுரையின் வேலை. டீயைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று செல்லதுரை இருந்தான்.

பெஞ்சின் மேல் ஐந்து போட்டோக்கள் கிடந்தன. ஐந்தும் உள்ளங்கையைவிடப் பெரியவை. ஒன்றில் தலைப்பாகை கட்டிய கிழவர். ஒன்றில் டை கட்டிய, கன்னம் ஒட்டிய, காசநோய்க்காரர் மாதிரி ஒரு மனிதர். ஒன்றில் மொழுமொழுவென்று இருபத்தைந்து வயது இளைஞன். இன்னொருவர் மூக்குக்கண்ணாடிப் பண்டிதர், ஐந்தாமவர் முறுக்கு மீசை. இவர்கள் முறையே ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் ஆகிய ஊர்களில் வசிப்பதாகவும், கோரைவாய்க்கால் கிராமத்து மிராசுதார் சாமிதுரைக்கு ஒன்றுவிட்ட தங்கைகளின் பிள்ளைகள் என்றும் பத்திரம் சொன்னது.

ஒரு குடும்பம் பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று புதுச் சட்டம் வந்ததிலிருந்து தஞ்சாவூர் ஜில்லா மிராசுதார்களுக்குச் சொந்தபந்தத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்க ஆரம்பித்திருந்தது. சாமிதுரைக்கும் பொங்கியது. தனக்குப் பதினைந்து ஏக்கரை வைத்துக்கொண்டு, மீதி எழுபத்தைந்தை ஆளுக்குப் பதினைந்தாக இந்த ஐவருக்கும் எழுதிவிட்டார். இத்தனைக்கும் சாமிதுரை, சொந்தக்காரர் யாராவது வாசலில் நின்றால் கொல்லைப்புறமாக வெளியே போய்விடுகிற மனிதர்.

அவர் யாருக்கு எழுதினால் நமக்கென்ன என்று இருந்துவிடலாம்தான். ஆனால் அந்த எழுபத்தைந்தில் மேலவெளியில் உள்ள இரண்டு ஏக்கரை அம்சம் என்ற பெண் பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தாள். குறுவை நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அந்த நிலத்தின் புதுச் சொந்தக்காரர் ரங்கூன் கண்ணுசாமி, தனக்குச் சொந்தச் சாகுபடிக்கு நிலம் வேண்டும், அம்சம் வெளியேற வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டார். அதனால்தான் அம்சம் குஞ்சிதபாதத்தைத் தேடி வந்திருந்தாள். அன்று மாலை மூன்று மணிக்குத் தாலுகா ஆபீஸில் கடைசி விசாரணை. மருமகன்கள் நிஜம் என்று அதிகாரி எழுதிவிட்டால், அம்சம் அன்றைக்கே வரப்பை விட்டு இறங்க வேண்டியதுதான்.

“ரங்கூன்லேர்ந்தே மடையைத் தொறந்து தண்ணி பாய்ச்சுவாரா சார்? கை நீளந்தான்” என்றான் செல்லதுரை.

குஞ்சிதபாதம் லென்ஸைத் துடைத்துக்கொண்டார். போட்டோக்களை மூன்று மணிக்குள் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து அதிகாரியிடமிருந்து வாங்கி வந்திருந்தார். கிழவரின் கண்ணுக்குள் ஏதோ வெள்ளையாக இருப்பதாகச் சொன்னார். சதுரமாக ஒரு ஜன்னல். அதற்குக் கீழே இன்னொன்று, ஒரு பக்கம் குறுகி, மறுபக்கம் விரிந்து, விளிம்போடு. பர்மாவில் போர்வீரர்கள் பிடிக்கும் கேடயமாக இருக்கலாம் என்றார். இல்லாவிட்டால் ஒரு வகைக் கடல் சிப்பி என்றார். சிங்கப்பூர் இளைஞனின் கண்ணிலும் அது இருந்ததைப் பார்த்ததும், இது ஒரு சர்வதேசக் கூட்டத்தின் ரகசியச் சின்னம் என்று முடிவே கட்டிவிட்டார்.

செல்லதுரை லென்ஸை வாங்கிப் பார்த்தான். ஒரு நொடிதான் பார்த்தான்.

“முறம் சார்.”

“என்னது?”

“அரிசி புடைக்கிற முறம். கல்யாணம் ஆனவன் கண்ணுக்கு அது எந்த சைஸுல இருந்தாலும் தெரியும்.”

தானும் அதைத்தான் சொல்ல வந்ததாகக் குஞ்சிதபாதம் சொன்னார். செல்லதுரை ஒத்துக்கொண்டான். ஆறு வருஷமாக ஒத்துக்கொண்டுதான் வருகிறான். ஐந்து படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணில் முறம் கீழே இருந்தது, ஒருவர் கண்ணில் பக்கவாட்டில், ஒருவர் கண்ணில் தூரத்தில் சின்னதாக. ஆனால் அத்தனை பேர் கண்ணிலும் முறம் இருந்தது. ஒரே முறம், ஒரே மூலையில் நார் பிய்ந்திருந்தது.

ஆளுக்கு எதிரே எது பளிச்சென்று இருக்கிறதோ அது கண்ணில் தெரியும் என்று குஞ்சிதபாதம் விளக்கினார். விளக்கில்லாத ஸ்டூடியோவில் ஜன்னல் வெளிச்சத்தை முகத்தின் மறுபக்கம் திருப்பிவிட எதையாவது பிடிப்பார்கள். ரங்கூனிலும் சைகோனிலும் அதற்கு முறம் பிடிப்பார்கள் என்று அவரால் நம்ப முடியவில்லை. அதுவும் நார் பிய்ந்த அதே முறத்தை ஐந்து நாட்டுக்கும் கப்பலில் அனுப்பி வைத்தார்கள் என்பதைச் செல்லதுரையாலும் நம்ப முடியவில்லை.

“முறத்தைத் தேடுவோம்” என்று எழுந்தார் குஞ்சிதபாதம். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டெரிலின் சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டு நடந்தார். லென்ஸ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

நன்னிலத்தில் மூன்று ஸ்டூடியோ. ரயிலடி ஸ்டூடியோவில் நாலு பெரிய பல்பு உண்டு. கரண்ட் மட்டும் இல்லை. ஷோகேஸில் இருந்த எல்லாப் படத்திலும் கண்ணுக்குள் நாலு புள்ளி. இரண்டாவது ஸ்டூடியோ முதலாளி மகள் வளைகாப்புக்காகப் பூட்டியிருந்தது. ஷோகேஸில் இருந்தவர்களின் கண்ணுக்குள் ஒன்றுமே இல்லை, செத்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். மூன்றாவது, குளத்தங்கரையில் இருந்த பிறை ஸ்டூடியோ.

அதன் ஷோகேஸில் ஒரு கல்யாண ஜோடி, குப்புறப் படுத்த ஒரு குழந்தை, கரைத்துண்டு போட்ட ஒரு கட்சி வட்டச் செயலாளர், மாலை போட்ட ஒரு கிடா. செல்லதுரை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு லென்ஸ் வைத்துப் பார்த்தான். மாப்பிள்ளை கண்ணில் முறம். குழந்தை கண்ணில் முறம். வட்டச் செயலாளர் கண்ணில் முறம். கிடாவின் கண்ணில்தான் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது. அது அசையாமல் உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது.

உள்ளே போனதும் நேராகக் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று குஞ்சிதபாதத்துக்குத் தெரியும். சாமிதுரை வாயை மூடச் சொல்லியிருப்பார். ஸ்டூடியோக்காரர் ஜெக்கரியா, ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, மைக்கறை விரல்கள், கும்பிட்டு வரவேற்றார். குஞ்சிதபாதம் ஐந்து படத்தையும் மேஜையில் பரப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டார். இந்த மாதிரி ஒரு படம் தனக்கு எடுக்க வேண்டும் என்றும், ஆனால் இது பினாங்கு, சிங்கப்பூர் மாதிரி இடங்களில்தான் முடியும் போலிருக்கிறது என்றும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து விளக்கு போட்டிருப்பார்கள் என்றும், நம்மூர் ஆட்களுக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது என்றும் சொன்னார்.

ஜெக்கரியா படங்களைப் பார்த்தார். முகம் சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார். ஏதோ சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார் என்பது செல்லதுரைக்குத் தெரிந்துபோயிற்று. மனிதர் பாவம், விக்கல் எடுத்தவர் மாதிரி தவித்தார்.

செல்லதுரை கொஞ்சம் உதவினான். “ரயிலடி ஸ்டூடியோக்காரர் பாத்தாரு பாய். பதினஞ்சு பல்பு இல்லாம இது நடக்காதுன்னு சொல்லிட்டாரு.”

“அவன் சொன்னானா?” என்றார் ஜெக்கரியா. “ஒரு பல்பு கூட இல்ல. ஒரு ஜன்னல், ஒரு முறம். அஞ்சு படமும் இதே நாற்காலியில நான் எடுத்தது.”

சத்தியம் அதோடு போயிற்று. பிறகு அவரை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. வடக்கு பார்த்த ஜன்னல், நேர் வெயில் வராது, ஆள் கண்ணைச் சுருக்க மாட்டார் என்றார். ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு மல் வேட்டியைக் கட்டினார். வெளிச்சம் பால் மாதிரி ஆயிற்று. உள்ளே பார்த்து முறத்தைக் கேட்டார். அவருடைய மனைவி சைத்தூன் பீவி, புடைத்துக்கொண்டிருந்த அரிசியைக் கொட்டிவிட்டு, முறத்தை எடுத்து வந்து கதவோரம் நின்றாள். முறத்தின் உள்பக்கம் பூராவும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது. முறத்துக்கு இரண்டு வேலை, தனக்கு நாலு வேலை என்று அவள் சொன்னாள்.

குஞ்சிதபாதம் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதில் அவருக்கு வருத்தம். செல்லதுரை காமிராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கண்ணாடித் தகட்டில் முதலாளி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் அவரைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமாக அவனுக்கு இருந்ததில்லை.

சைத்தூன் பீவி முறத்தை அவர் தாடைக்குக் கீழே ஏந்தினாள். கீழிருந்து வெளிச்சம் ஏறியது. கண்ணுக்கடியில் இருந்த பை, கன்னத்துக் கோடு, கழுத்துச் சுருக்கம் எல்லாம் ஓடிப்போய், முகம் பலாப்பழம் மாதிரி உருண்டது. இதுதான் சிங்கப்பூர் இளைஞன் என்றார் ஜெக்கரியா. அடுத்து முறத்தைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு மறுபக்கம் கன்னத்தை ஒட்டி ஒரு கறுப்புக் குடையை விரித்தார். பாதி முகத்தைக் குடை குடித்துவிட்டது. கன்னம் ஒட்டி, மூக்கு நீண்டு, குஞ்சிதபாதம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய ஆள் ஆனார். இது பினாங்கு. பிறகு ஜன்னலின் கீழ்க்கதவைச் சாத்திவிட்டார். மேல்கதவு வழியாக மட்டும் வெளிச்சம் விழ, கண்குழி இருண்டு, நெற்றியில் இல்லாத வரியெல்லாம் எழுந்தது.

“சார், உங்க தாத்தா வந்திருக்காரு” என்றான் செல்லதுரை, துணிக்குள் இருந்தபடி.

“இது ரங்கூன்” என்றார் ஜெக்கரியா. கிழவர் வேஷத்துக்கு முறமே தேவையில்லையே, பிறகு எதற்குத் தூரத்தில் பிடித்தீர்கள் என்று குஞ்சிதபாதம் கேட்டார். ஜெக்கரியா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் படத்தில் உசிர் இருக்காது, முறம் இல்லாமல் தான் இதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை, கிடாவுக்கே பிடித்தவன் மனுஷனுக்குப் பிடிக்க மாட்டேனா என்றார்.

“அப்ப அந்த அஞ்சு பேரு?” என்று கேட்டான் செல்லதுரை.

“அஞ்சு பேரா? ஒரே ஆளுதாம்ப்பா. தலைப்பாகையும் டையும் மூக்குக்கண்ணாடியும் என்னுது. மீசை கண் மையால வரைஞ்சது. பாக்கியெல்லாம் வெளிச்சம்.”

குஞ்சிதபாதம் தாத்தாவாகவே உட்கார்ந்திருந்தார்.

யார் என்று ஜெக்கரியா சொல்லத் தயங்கினார். சைத்தூன் பீவி தயங்கவில்லை. அது வேம்பு, கோரைவாய்க்கால் தென்னந்தோப்புக் காவல்காரர், நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை என்றாள். சாமிதுரைதான் கூட்டிவந்தார். பெண் பார்க்கப் படம் வேண்டும், எந்தப் பெண்ணுக்கு எப்படிப்பட்ட ஆளைப் பிடிக்குமோ, அதனால் ஐந்து விதமாக எடு, ஒரே ஆள் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் கெட்டுவிடும் என்றாராம்.

“ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் புள்ள என்னையப் பாத்து, இது புடிக்குமா அக்கான்னு கேட்டுச்சு” என்றாள் அவள். “எல்லாமே புடிக்கும்னு சொல்லி வெச்சேன்.”

மணி பன்னிரண்டு. செல்லதுரை சைக்கிளை மிதிக்க, குஞ்சிதபாதம் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்கத் தன் திட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று மைல். திட்டம் இதுதான்: பெண் வீட்டுக்காரர்கள் தாலுகா ஆபீஸில் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வேம்புவைக் கூட்டிவந்து அதிகாரி முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

தோப்பில் வேம்பு இருந்தார். கட்டைகுட்டையான, சாதாரண முகம். கிழவரும் இல்லை, இளைஞனும் இல்லை. இவர்கள் கையில் படங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். கயிற்றுக் கட்டிலைத் துண்டால் தட்டினார். மரத்தில் ஏறி இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். குடிசைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. உள்ளே ஒரு புதுப் பித்தளைக் குடம், இன்னும் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

“ஒரு வருசமாச்சுங்க” என்றார். “எந்தப் படம் புடிச்சுதாம் அவங்களுக்கு?”

குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டு திட்டத்தை ஆரம்பித்தார். செல்லதுரையால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கிண்டல் செய்தே பிழைக்கிறவன் அவன், ஆனால் அந்தக் குடத்தைப் பார்த்ததும் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பெண் இல்லை, பெண் வீடு இல்லை, படங்கள் ரங்கூன் என்றும் பினாங்கு என்றும் பேர் எழுதித் தாலுகா ஆபீஸுக்குப் போயின, அதனால் இன்றைக்கு அம்சத்தின் நிலம் போகப்போகிறது என்று. முதலாளியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வேம்பு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். புதுக் குடத்தைப் பார்த்துக்கொண்டே, தன்னால் வர முடியாது என்றார். அய்யா வீட்டுச் சோற்றைப் பதினாறு வருஷமாகச் சாப்பிட்டவன், அவருக்கு எதிராக எப்படி நிற்பது என்று கேட்டார். இளநீருக்குக் கும்பிடு போட்டுவிட்டு இரண்டு பேரும் வெறுங்கையோடு கிளம்பினார்கள். வழியில் குஞ்சிதபாதம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அது இங்கே எழுதத் தகாதது.

மூன்று மணிக்கு அதிகாரியின் அறையில் கூட்டம். அம்சம் சுவரோரம் நின்றாள். ஐம்பது வயது, முழங்கால் வரை காய்ந்த சேறு, வயலிலிருந்து நேரே வந்திருந்தாள். அடுத்த பக்கம் சாமிதுரையும் அவருடைய வக்கீல் துரைராசுவும். குஞ்சிதபாதம், ஜெக்கரியா கொண்டுவந்திருந்த முறத்தை உயர்த்திக் காட்டி, கண்ணில் தெரிந்த முறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஜெக்கரியாவும் வந்து, ஐந்தும் ஒரே ஆள் என்று சாட்சி சொன்னார்.

அதிகாரி லென்ஸ் வைத்து முறத்தைப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். ஆனால் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது தலையை ஆட்டிவிட்டார். இந்தக் கிழவரும் இந்தப் பையனும் ஒரே ஆளா, நம்பவே முடியவில்லையே என்றார். ஊருக்கு வந்திருந்தபோது இங்கே படம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்றார் துரைராசு. அதிகாரி நம்பாததில் ஜெக்கரியாவுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். அம்சம் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். அவ்வளவுதானா என்று செல்லதுரை வாசலைப் பார்த்தான். தோப்பில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் வேம்பு இங்கே இருந்திருப்பார்.

வாசலில் சலசலப்பு. வெள்ளைச் சட்டை, தலையில் படிந்த எண்ணெய், மூன்று மைல் நடந்து வந்த வியர்வை. வேம்பு உள்ளே வந்து, சாமிதுரையைப் பார்க்காமல் அதிகாரியைக் கும்பிட்டார்.

“அஞ்சும் நாந்தாங்க.”

சாமிதுரையின் முகத்தில் ரத்தமே இல்லை. துரைராசு அவர் காதில் ஏதோ ஓதினார். பிறகு எழுந்து, சிரித்த முகத்தோடு, உண்மையை ஒத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆமாம், ஐந்து பேரும் இந்த வேம்புதான். பதினாறு வருஷ விசுவாசத்துக்காக மிராசுதார் மனசாரக் கொடுத்த தானம். பேர்தான் வேறு வேறாக எழுதியது, நிலம் நிஜம், ஆள் நிஜம். அது மட்டுமல்ல, சொந்தச் சாகுபடிக்காரர் ரங்கூனில் இருக்கிறாரே என்று இதுவரை இருந்த சந்தேகமும் தீர்ந்தது. ஆள் இதோ, உள்ளூரிலேயே இருக்கிறார். ஆகவே அம்சம் வெளியேற வேண்டும் என்றார்.

சாமிதுரை மூச்சு விட்டார். வேம்பு தன் கையில், நாளைக்கே கைநாட்டு வைக்கச் சொன்னால் வைப்பான் என்ற நிம்மதி அதில் தெரிந்தது. குஞ்சிதபாதத்தின் கறுப்புக் கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கி நின்றது. இப்படியொரு திருப்பத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

செல்லதுரை தலையைச் சொறிந்தான். “ஒரு சந்தேகங்க” என்றான் அதிகாரியைப் பார்த்து. “அஞ்சு பேரா இருந்தா ஆளுக்குப் பதினஞ்சு, சரி. ஒரே ஆளுன்னு வக்கீல் அய்யாவே சொல்லிட்டாரு. ஒரே ஆளு எழுபத்தஞ்சு ஏக்கர் வெச்சுக்கலாங்களா?”

துரைராசுவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார், சட்டப் புத்தகத்தைத் திறந்தார், பிறகு திறக்க வேண்டிய அவசியம் இல்லை என்று மூடினார். ஐந்து பேர் பொய் என்றால் நிலம் சாமிதுரையுடையது, அவருக்கு ஏற்கெனவே பதினைந்து இருக்கிறது, எழுபத்தைந்தும் உபரி. ஒரே ஆள் நிஜம் என்றால் வேம்புவுக்குப் பதினைந்து போக அறுபது உபரி. எப்படிப் பார்த்தாலும் சர்க்கார் எடுத்துக்கொண்டு, உழுகிறவர்களுக்குக் கொடுக்கும். வக்கீல் எதைச் சொல்லப் பிரியப்படுகிறார் என்று கேட்டார். ஏற்கெனவே சொன்னதை எழுதிக்கொண்டாயிற்று என்று குமாஸ்தா சொன்னார்.

“பதினைந்து ஏக்கரை நீங்கதான் தேர்ந்தெடுக்கணும், வேம்பு” என்றார் அதிகாரி. பட்டியலை வாசித்தார். மேலவெளி முதலில் வந்தது. வாய்க்கால் தலைப்பில் உள்ள நிலம், கடைசி வரை தண்ணீர் வற்றாது, அந்தப் பக்கத்திலேயே நல்ல மண். சாமிதுரை இருமினார். கண்ணால் மேலவெளி, மேலவெளி என்று சொன்னார். அம்சம் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேம்பு யோசித்தார். மேலவெளி வேண்டாம் என்று தான் சொன்னால் அது யாருக்குப் போகும் என்று கேட்டார். உழுகிறவர் என்ற முறையில் அம்சத்துக்கு என்றார் அதிகாரி.

“அப்ப அது வேணாங்க. அய்யா வூட்டுக்கு நேர் எதுத்தாப்புல ஒரு பதினஞ்சு இருக்கு. அதை எழுதுங்க. தினம் காலையில அய்யா என்னையப் பாக்கட்டும்.”

சாமிதுரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். குமாஸ்தா எழுதினார். எழுதி முடித்து, பட்டாவுக்கு ஒரு போட்டோ ஒட்ட வேண்டும் என்றார். அதிகாரி ஐந்து படத்தையும் வேம்புவின் முன்னால் நகர்த்தி, இதில் எது உங்கள் முகம் என்று கேட்டார்.

வேம்பு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கிழவர், நோயாளி, இளைஞன், பண்டிதர், மீசைக்காரர். ஜெக்கரியா கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“இதுல எதுவும் என் மூஞ்சி இல்லீங்க” என்றார் வேம்பு. “என் மூஞ்சிய வெச்சு எனக்கு யாரும் பொண்ணு கேட்டுப் போகவே இல்லையே.”

செல்லதுரை முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்ற அம்சம் அப்போதுதான் சுவரை விட்டு நகர்ந்தாள்.

“நான் கேட்டுப் போறேன் தம்பி” என்றாள். “ஆறு மணிக்கு மேலவெளிக்கு முறைத் தண்ணி. பயிரு தண்ணிக்குக் காத்துக் கெடக்கு. மொதல்ல அதுக்கு மடையத் தொறந்து வுட்டுட்டு, அப்படியே போவோம். கூட வா.”

அவள் பதிலுக்கு நிற்காமல் வெளியே இறங்கிவிட்டாள். பதினைந்து ஏக்கர் மிராசுதார், வெள்ளைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டே, மண்வெட்டி எந்த வரப்பில் இருக்கிறது என்று கேட்டபடி பின்னால் ஓடினார்.